குப்பை பிரிப்பு, பழைய பொருள் சேகரிப்பு: எங்கள் தெருவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்சென்னையில் ஒரு நடுத்தரமான தெரு. தனி வீடுகளும் மூன்று மாடி அடுக்ககங்களும் கலந்து இருக்கும். மாதத்தின் இரண்டாவது, நான்காவது ஞாயிறு காலையில் பிள்ளையார் கோயில் பக்கத்து காலி இடத்தில் சாக்கு விரித்து, வீடுகளிலிருந்து வரும் காய்ந்த குப்பையை வாங்கிப் பிரித்து அனுப்புகிறோம். வாசற்படியிலும் லிப்டிலும் வாட்ஸப் குழுவிலும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

நீங்கள் யார்? மாநகராட்சியா, ஏதாவது தொண்டு நிறுவனமா?

இரண்டும் இல்லை. இதே தெருவில் குடியிருப்பவர்கள். ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர், இரண்டு ஆசிரியைகள், ஐடி வேலையில் இருக்கும் நாலைந்து பேர், விடுமுறை என்றால் வந்து நிற்கும் பள்ளிப் பிள்ளைகள். பதிவு செய்த சங்கம் கிடையாது, ரசீது புத்தகம் கிடையாது.

சென்னைக்கு இது புதிதும் அல்ல. 1989-ல் எம்.பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா என்ற குடிமக்கள் அமைப்பை எங்கள் பெற்றோர் தலைமுறை நன்றாக நினைவு வைத்திருக்கிறது. தெருமுனைத் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், தெருக்காரர்களே காசு போட்டு ஒரு ஆளை அமர்த்தி, மூன்று சக்கர வண்டியில் வீடு வீடாகக் குப்பை வாங்க வைத்தார்கள். இன்று வாசலுக்கு வரும் பேட்டரி வண்டிக்கு அந்த மூன்று சக்கர வண்டியைத் தாத்தா என்றே சொல்லலாம்.

வரி கட்டுகிறோம். பிரிப்பதும் எங்கள் வேலையா?

ஆமாம், சட்டப்படியே. 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே, குப்பையை உண்டாக்குபவர் அதை மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும் என்றன: மக்கும் குப்பை, மக்காத காய்ந்த குப்பை, வீட்டிலிருந்து வரும் அபாயகரமான கழிவு. 2026-ல் அவற்றுக்குப் பதிலாக வந்த புதிய விதிகளில் நாப்கின், டயப்பர் போன்றவற்றுக்கும் தனிப் பிரிவு உண்டு. எங்கள் பேச்சு வழக்கில் ஈரக் குப்பை, காய்ந்த குப்பை, ஆபத்துக் குப்பை.

சட்டத்தைக் காட்டி யாரையும் நாங்கள் மிரட்டுவதில்லை. நீங்கள் பிரிக்காவிட்டால் பிரிக்கும் வேலை மறைந்துவிடாது, வேறொருவர் கைக்குப் போகும். காலை ஆறரை மணிக்கு உங்கள் வாளியைக் கவிழ்த்து, புளித்த சாம்பாருக்குள்ளிருந்து ஷாம்பு பாட்டிலைத் தேடி எடுக்கும் தூய்மைப் பணியாளரின் கை அது. ஒருநாள் வாசலில் நின்று பார்த்தால் போதும்.

பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்?

எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர் பொய் சொல்லவில்லை, நாங்களும் கண்ணால் பார்த்திருக்கிறோம். ஆரம்பத்தில் கோபப்பட்டோம், புகார் கொடுத்தோம். பிறகு மூன்று வாரம் வண்டி கூடவே நடந்து பார்த்தோம். பத்து வீட்டில் ஏழு வீடு கலந்து கொடுத்தால், மீதி மூன்று வீட்டுக்காக வண்டியில் தனி அறை ஒதுக்கி யாரும் ஓட்ட மாட்டார்கள். இருக்கும் இரண்டு தொட்டியில் ஒன்று தெருவில் பாதி தூரம் போவதற்குள் நிரம்பிவிடும், அதற்கப்புறம் எல்லாம் ஒரே தொட்டிதான்.

அதனால் தினசரி வண்டிக்கு ஈரக் குப்பையை மட்டும் கொடுங்கள் என்கிறோம். காய்ந்த குப்பை அழுகாது, நாறாது. பால்கனியில் ஒரு சாக்கில் இரண்டு வாரம் கிடக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை எங்களிடம் வரட்டும். ஈரமும் காய்ந்ததும் ஒரே வண்டியில் ஏறாவிட்டால் கலப்பதற்கு வழியே இல்லை. உண்மையில் எங்கள் வேலை முழுவதும் இவ்வளவுதான்: இரண்டையும் ஒன்றையொன்று தொடவிடாமல் பார்த்துக்கொள்வது. மறுசுழற்சி செய்கிறவர்கள் வேறு ஆட்கள்.

கழுவித்தான் கொடுக்க வேண்டுமா? தண்ணீருக்கு எங்கே போவது?

2019 கோடையை மறந்தவர்கள் இந்தத் தெருவில் யாரும் இல்லை. ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருஷம் அது. அதனால் இந்தக் கேள்வியை நாங்கள் சிரித்து ஒதுக்குவதில்லை.

நல்ல தண்ணீர் தேவையே இல்லை. அரிசி களைந்த தண்ணீர், காய்கறி அலசிய தண்ணீர் போதும். சிங்க்குக்குப் போகும் முன் அதைப் பால் கவருக்குள் ஒரு கை ஊற்றி, ஆட்டி, கொட்டிவிட்டுக் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிடுங்கள். பளபளவென்று தேய்க்க வேண்டாம். எறும்பு வராத அளவுக்கு இருந்தால் சரி.

எதற்கு இத்தனை பாடு என்றால், கழுவாத கவர் ஒன்று சாக்குக்குள் இருந்தால் மூன்றாம் நாள் சாக்கு முழுவதும் புளித்த வாடை. காகிதத்தில் அது ஊறினால் காகிதம் போச்சு. எடை போடுகிறவர் சாக்கின் வாயைத் திறந்து, மூக்கைச் சுளித்து, மொத்தத்துக்கும் ஒரு மட்டமான விலை சொல்வார். ஒரு கரண்டி தயிர், பதினைந்து கிலோ சரக்கின் தலையெழுத்தை மாற்றிவிடும்.

பால் கவரின் மூலையை முழுதாக வெட்டக் கூடாது என்கிறீர்களாமே?

ஆமாம். அந்தச் சின்ன முக்கோணத் துண்டை யாரும் சேர்த்து வைப்பதில்லை. சிங்க் ஓட்டை வழியாகவோ பெருக்கும் குப்பையோடோ போய், காய்கறித் தோலில் ஒட்டிக்கொண்டு உரத்துக்குள் வந்துவிடுகிறது. சலிக்கும்போது விரல் நகம் அளவில் நீலமும் பச்சையுமாக நிற்கும். மூலையைப் பாதி வரை மட்டும் கத்தரியுங்கள், துண்டு கவரோடு தொங்கிக்கொண்டே இருக்கட்டும்.

எந்த பிளாஸ்டிக் விலை போகும், எது போகாது?

பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும். 1 என்றால் பெட்: தண்ணீர், குளிர்பான பாட்டில்கள். 2 ஹெச்டி: ஷாம்பு, பினாயில் பாட்டில்கள். 4 எல்டி: பால் கவர். 5 பிபி: ஹோட்டல் பார்சல் டப்பாக்கள். இந்த நான்கும் பொதுவாக விலை போகும். 3 பிவிசி, 6 தெர்மோகோல் வகை, 7 இதர கலவைகள். இவற்றை எங்கள் பகுதியில் யாரும் விரும்பி வாங்குவதில்லை.

ஆனால் காயலான் கடையில் யாரும் எண்ணைப் பார்ப்பதில்லை. நாங்கள் சரக்கு கொடுக்கும் கடையில் ஒரு அக்கா இருக்கிறார். கவரைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு கசக்கு. மொறுமொறுவென்று சத்தம் வந்தால் ஹெச்டி. சத்தமில்லாமல் குழைந்தால் எல்டி. நிமிஷத்துக்கு முப்பது நாற்பது கவர் வலமும் இடமும் பறக்கும், நாங்கள் எண்ணைத் தேடிக் கண்ணாடியை மாட்டுவதற்குள் அவர் சாக்கைக் கட்டிவிடுவார்.

பாட்டில் மூடியைக் கழற்ற வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். கழற்றி, தண்ணீரைக் கொட்டி, பாட்டிலை நசுக்கிவிட்டு மூடியைத் திரும்ப மாட்டினாலும் பரவாயில்லை. ஆலையில் துண்டுகளாக அரைத்துத் தண்ணீரில் போடுவார்கள். பெட் மூழ்கும், மூடியின் பிளாஸ்டிக் மிதக்கும், தானாகவே பிரிந்துவிடும். தொல்லை கொடுப்பது பாட்டிலைச் சுற்றி இறுக்கமாக ஒட்டியிருக்கும் பிவிசி லேபிள்தான். அதுவும் பெட்டோடு சேர்ந்து மூழ்கிவிடும். முடிந்தால் லேபிளைக் கிழித்துவிட்டுக் கொடுங்கள்.

அரைத்த பெட் பிறகு உருகி இழையாகிறது. 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்கு நீல நிறத்தில் ஒரு கையில்லாத கோட் போட்டு வந்தார். பழைய பெட் பாட்டிலில் செய்த அந்தத் துணி நம்ம கரூர்ச் சரக்கு. இதைச் சொன்ன பிறகுதான் எங்கள் தெருப் பையன்கள் பாட்டில் பொறுக்க வெட்கப்படுவதை விட்டார்கள்.

சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் கவர்?

பார்க்க பிளாஸ்டிக், உள்ளே வெள்ளி மாதிரி மினுக்கும் அலுமினியப் படலம், நடுவில் பசை. இந்த அடுக்குகளைப் பிரித்தெடுக்கும் செலவு, கிடைக்கும் பொருளின் மதிப்பைவிட அதிகம். அதனால் காயலான் கடை இதை வாங்காது. மாநகராட்சி வழியாகப் போனால் அரியலூர் பக்கத்து சிமெண்ட் ஆலைகளில் நிலக்கரியோடு சேர்ந்து எரிபொருளாக எரியலாம். அதை மறுசுழற்சி என்று நாங்கள் சொல்ல மாட்டோம். குளத்தில் கிடப்பதைவிட மேல், அவ்வளவே. தனிப் பையில் கொடுங்கள், வாங்கிக்கொள்கிறோம். குறைவாக வாங்கினால் எங்களுக்கு இன்னும் சந்தோஷம்.

பிளாஸ்டிக்கில் ரோடு போடுகிறார்களே, எல்லாவற்றையும் அதற்குக் கொடுத்துவிடலாமே?

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கண்ட வழி அது. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. கேரி பேக் வகைகளைத் துண்டு துண்டாக்கி, சூடான ஜல்லி மேல் தூவினால் அது உருகி ஜல்லிக்கு மேல்பூச்சாகப் படியும், அதன்மேல் தார் கலப்பார்கள். நல்ல வழிதான். ஆனால் பிவிசி அதற்கு ஆகாது, சூட்டில் நச்சு வாயு வரும். அழுக்கும் ஈரமும் உள்ள சரக்கும் ஆகாது. சுற்றிச் சுற்றி மறுபடியும் சிங்க் முன்னால் வந்து நிற்கிறோம், பார்த்தீர்களா?

கடையில் துணி போன்ற ஒரு பை தருகிறார்கள். 'மக்கும் பை' என்றும் ஒன்று தருகிறார்கள். இவை சரிதானா?

துணி மாதிரி இருப்பது துணி அல்ல. ஒரு நூலை இழுத்துப் பாருங்கள், நூல் வராது, பஞ்சு மாதிரி பிய்யும். அது பிபி பிளாஸ்டிக்கை அழுத்திச் செய்தது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருள்களில் அதுவும் உண்டு. மக்கும் பை என்பதில் சிலது உண்மை, சிலது வெறும் அச்சடித்த வார்த்தை. உண்மையானதுகூட உங்கள் வீட்டுத் தொட்டிச் சூட்டில் எளிதில் மக்காது, அதற்குப் பெரிய உரக் கூடத்தின் வெப்பம் வேண்டும். பால் கவரோடு அது கலந்தால் அந்தச் சரக்கும் கெடும்.

இதற்கெல்லாம் 2021 டிசம்பரில் அரசு தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' தேவலை. ஒரு காலத்தில் மஞ்சப்பை தூக்கினால் பட்டிக்காட்டான் என்று கேலி செய்த ஊர் இது. கல்யாண வீட்டில் தேங்காயோடு கொடுத்த பைகள் உங்கள் பரணில் இன்னும் இருக்கும், தேடிப் பாருங்கள்.

பழைய பேப்பர்காரர் பிழைப்பில் மண்ணைப் போடுகிறீர்களா?

இந்தக் குற்றச்சாட்டு எங்களைக் கொஞ்சம் சுட்டது, அதனால் நீளமாகவே சொல்கிறோம்.

மறுசுழற்சி என்ற வார்த்தை வருவதற்கு முன்பே நம் தெருக்களில் அந்த வேலை நடந்தது. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம், பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம், பேப்பருக்குத் தராசு. காயல்பட்டினத்துக்காரர்கள் நடத்திய கடைகளால்தான் 'காயலான் கடை' என்று பெயர் வந்தது என்பார்கள். இந்த ஊரின் காகிதமும் தகரமும் ஆலைக்குத் திரும்பிப் போனதற்குக் காரணம் சைக்கிளில் மணியடித்து வந்தவர்கள்தான். எந்த இயக்கமும் இல்லை, எந்தத் தன்னார்வலரும் இல்லை.

நாங்கள் தொடங்கிய முதல் மாதம் ஒரு தப்பு செய்தோம். மொத்தச் சரக்கையும் ஒரு பெரிய வியாபாரிக்கு லாரியில் அனுப்பினோம். அடுத்த வாரம் இந்தத் தெருவுக்கு வழக்கமாக வரும் பேப்பர்காரர் வந்து, ஒன்றும் பேசாமல், காலி வண்டியோடு நின்றார். அவர் கேள்வி கேட்டிருந்தால்கூட எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இப்போது ஏற்பாடு வேறு. செய்தித்தாள், இரும்பு, பித்தளை, அட்டைப்பெட்டி போன்ற நல்ல விலைச் சரக்கை நீங்கள் அவருக்கே கொடுங்கள். எங்களுக்கு வேண்டியது அவர் தொடாதது: பால் கவர், பார்சல் டப்பா, ஜூஸ் அட்டை, தெர்மோகோல், பழைய செருப்பு. ஞாயிறு அன்று சேரும் பிளாஸ்டிக்கையும் அவர் வண்டியில்தான் ஏற்றுகிறோம்.

அந்தப் பணம்?

பால் கவருக்கும் பாட்டிலுக்கும் வருவது சொற்பம், விலையும் மாதத்துக்கு மாதம் மாறும். சாக்கு, கையுறை, டீ, போளி. மீதி தீபாவளிக்கு வண்டிக்கார அண்ணனுக்கும் பேட்டரி வண்டி அக்காவுக்கும். கணக்கு நோட்டு கோயில் பக்கத்து மளிகைக் கடையில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

நாப்கின், டயப்பர்?

எங்களிடம் வேண்டாம். செய்தித்தாளில் இறுகச் சுற்றி, மேலே சிவப்பு மையால் ஒரு பெரிய புள்ளி அல்லது பெருக்கல் குறி போட்டு, தினசரி வண்டியில் தனியாகக் கையில் கொடுங்கள். வெட்கப்பட்டு ஈரக் குப்பைக்கு நடுவில் ஒளித்து வைப்பதால்தான் பிரிப்பவர் அதைத் திறந்து பார்க்கும்படி ஆகிறது.

டியூப்லைட், பேட்டரி, பழைய மாத்திரை?

டியூப்லைட்டிலும் சுருள் பல்பிலும் பாதரசம் இருக்கிறது, உடைக்காமல் வந்த அட்டையிலேயே வைத்துத் தனியாகக் கொடுங்கள். செல்போன், பவர்பேங்க் பேட்டரிகளைக் காகிதச் சாக்கில் போடவே போடாதீர்கள். நசுங்கினால் தீப்பிடிக்கும். முனைகளில் டேப் ஒட்டி ஒரு டப்பாவில் தாருங்கள். மாத்திரையைக் கழிவறையில் கொட்டாதீர்கள், ஆபத்துக் குப்பையோடு அனுப்புங்கள்.

உடைந்த கண்ணாடி?

தடித்த அட்டையில் சுற்றி, மேலே 'கண்ணாடி' என்று பெரிதாக எழுதி. எங்களில் ஒருவருக்கு உள்ளங்கையில் நாலு தையல் இருக்கிறது.

ஈரக் குப்பையை வீட்டிலேயே உரமாக்கப் பார்த்தேன். நாற்றமும் புழுவும் தாங்கவில்லை.

ஈரம் அதிகமாகிவிட்டது, வேறொன்றும் இல்லை. ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு ஏறக்குறைய அதே அளவு காய்ந்த இலைச்சருகோ தேங்காய் நார்த் தூளோ போட வேண்டும். நம் தெருவில் வேப்பிலை, புங்க இலைச் சருகுக்குப் பஞ்சமில்லை, பெருக்கி எரிப்பதற்குப் பதில் ஒரு சாக்கில் சேர்த்து வையுங்கள். ஓட்டை போட்ட மண்தொட்டி அல்லது பழைய பெயிண்ட் வாளி. ஒரு அடுக்கு கழிவு, ஒரு அடுக்கு சருகு, தொடக்கத்தில் ஒரு தம்ளர் புளித்த மோர். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை குச்சியால் கிளறினால் காற்று போகும். கையில் பிடித்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, ஆனால் உருண்டையாக நிற்க வேண்டும். நம் வெயிலுக்கு இரண்டு மாதத்தில் மண்வாசனை வந்துவிடும்.

புழுவைக் கண்டு பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது கருப்பு ஈயின் குஞ்சு, வேலையை வேகமாக முடித்துக் கொடுக்கும். பார்க்கத்தான் அருவருப்பு. மாமிச எலும்பு, எண்ணெய் மிதக்கும் குழம்பு, தேங்காய்ச் சிரட்டை இந்த மூன்றையும் தொட்டியில் போடாதீர்கள். சிரட்டையை எங்களிடம் கொடுங்கள், அதைக் கரியாக்க வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

போகிக்குப் பழையதை எரிப்பது நம் வழக்கம்தானே?

பாட்டி காலத்தில் எரிந்தது கோரைப்பாய், தேய்ந்த துடைப்பம், கிழிந்த முறம். இன்று எரிவது டயரும் பிளாஸ்டிக் பாயும் ரெக்சின் பையும். காலையில் விமானம் இறங்க முடியாமல் சுற்றும் அளவுக்குப் புகை நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சமீப வருஷங்களில் போகிக்கு முன்பு பழைய துணி, டயர், பாய்களை மாநகராட்சியே வாங்கிக்கொள்கிறது. நாங்களும் மார்கழிக் கடைசி ஞாயிறில் அவற்றைச் சேர்த்து அனுப்புகிறோம். சம்பிரதாயத்துக்கு ஒரு பழைய முறத்தை எரித்துக்கொள்ளுங்கள், மேளம் கொட்ட பிள்ளைகள் தயார்.

ஒரு தெரு செய்து என்ன ஆகிவிடப் போகிறது?

கணக்குப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. சென்னையில் ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. எங்கள் சாக்குகள் அதில் தூசு.

ஆனால் நம் வாசலை விட்டுப் போனது எங்கே போகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. தெற்கே பெருங்குடி, வடக்கே கொடுங்கையூர். பெருங்குடிக் கிடங்கு கிடப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேல். 2022 ஏப்ரலில் அங்கே தீப்பிடித்துப் பல நாள் புகைந்தது, நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அதே வருஷம்தான் அந்தச் சதுப்பு நிலத்துக்கு, உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரமும் கிடைத்தது. ஒரு பக்கம் பூநாரை, இன்னொரு பக்கம் நம் வீட்டு டயப்பர். பழைய மலையைத் தோண்டிச் சலிக்கும் பயோமைனிங் வேலைக்குக் கோடிக்கணக்கில் செலவாகிறது. அங்கே இயந்திரம் சலித்துப் பிரிப்பதைத்தான் நாங்கள் இங்கே சாக்கு விரித்துப் பிரிக்கிறோம்.

எங்கள் மாடியில் வாடகைக்கு இருக்கும் பையன்கள் எதையும் பிரிப்பதில்லை. என்ன செய்வது?

அவர்களைத் திட்டி வாட்ஸப்பில் படம் போடாதீர்கள். இதை நாங்களே ஒருமுறை செய்து பார்த்தோம், அந்த வீட்டில் மூன்று மாதம் கதவே திறக்கவில்லை. பிறகு எங்கள் ஆசிரியை ஒருவர் இரண்டு வாளியும் ஒரு தட்டு அதிரசமும் எடுத்துக்கொண்டு மேலே போனார். இப்போது ஞாயிற்றுக்கிழமை எடை போடுவது அதில் ஒரு பையன்தான்.

வீட்டு வேலை செய்யும் அக்காவைக் குறை சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சிங்க் பக்கத்தில் இரண்டாவது டப்பா வைத்திருக்கிறீர்களா? ஒரே டப்பா வைத்துவிட்டு அவர் பிரிக்கவில்லை என்றால் எப்படி?

ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருக்க மாட்டேன். சாக்கை வாசலில் வைத்துவிட்டுப் போகலாமா?

வேண்டாம். மாடும் நாயும் கிழித்துவிடும், மழை வந்தால் எல்லாம் ஈரக் குப்பை. எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள், அல்லது அடுத்த முறை வரை வீட்டிலேயே இருக்கட்டும். கழுவிக் காயவைத்திருந்தால் ஒன்றும் ஆகாது. நேரம் காலை ஏழு முதல் ஒன்பது. ஒன்பதரைக்கு வண்டி கிளம்பிவிடும், அண்ணன் காத்திருக்க மாட்டார்.